வயலுக்குள் மூன்று பேட்டரியை வைத்து அறுவடை மெஷின் காதை ஒட்டியது

போன ஐப்பசி முதல் வாரம், மாலை நான்கரை மணி இருக்கும். முத்துப்பேட்டைக்கு வடக்கே, தார்ரோட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, குறுவை அறுத்துக்கொண்டிருந்த செயின் மெஷின் ஒன்று நடு வயலில் நின்றுவிட்டதாக போன் வந்தது. சேலம் பக்கத்து வண்டி. டிரைவர் தம்பி சொன்னது ஒரே வரிதான்: "அண்ணா, ஹெட்டர் தூக்குற சிலிண்டர் காது பிச்சுக்கிச்சு, முன்னாடி தலை மண்ணுல குத்தி நிக்குது."

நான் வெல்டிங் பட்டறை வைத்து 19 வருடம் ஆகிறது. இந்த மாதிரி போன் வந்தால் வெல்டிங் செட்டைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றைக்கு என் சின்ன இன்வெர்ட்டர் செட் வேறொரு ஊரில் கொட்டகை வேலையில் இருந்தது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் இரண்டு கடையிலும் அறுப்புக் காலம் என்பதால் ஒன்றும் மிச்சமில்லை. கையில் இருந்த அரை பாக்கெட் பத்தாம் நம்பர் வெல்டிங் ராடு, கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, சிப்பிங் சுத்தி, உளி, அரம், ஆக்ஸா பிளேடு, மல்டிமீட்டர், இவ்வளவையும் சாக்கில் கட்டி பைக்கில் வைத்துக்கொண்டு போனேன்.

"பேட்டரியிலயே வெல்டிங் அடிச்சியாமே, எப்படி?" என்று அதற்கப்புறம் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போய் யாராவது கண்ணையோ முகத்தையோ கெடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் சரியாக வந்ததையும் தப்பாகப் போனதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உடைந்த இடம்

ஹெட்டரை, அதாவது கதிரை அறுக்கிற முன்தலையை, தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் பின் மாட்டுகிற தகடு, அதைத்தான் காது என்போம். 12 மில்லி கனம், ஒட்டின இடத்தில் 80 மில்லி நீளம். அடியோடு பிய்ந்திருந்தது. உடைந்த முகத்தை டார்ச் அடித்துத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு துருவேறிக் காவி நிறத்தில் இருந்தது, மீதி ஒரு பங்கு மட்டும் வெள்ளி மாதிரி பளபளத்தது. அதாவது அன்றைக்கு உடைந்தது அந்த ஒரு பங்குதான். மற்றது பல நாளாக வெடிப்பு விட்டு உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. டிரைவர் மேல் தப்பில்லை, அந்த இடத்தில் எப்போதும் சேறும் வைக்கோலும் அப்பிக்கொண்டிருக்கும், கழுவினால்தான் வெடிப்பு கண்ணில் படும்.

தலை தூக்காத மெஷினை முன்னாலும் ஓட்ட முடியாது, திருப்பவும் முடியாது. இன்னும் இரண்டு ஏக்கர் அறுக்காமல் நிற்கிறது, கிழக்கே கடல் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது. ஐப்பசியில் பழுத்துச் சாய்ந்த பயிரில் ஒரு மழை இறங்கினால் என்னவாகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று கேட்பார்கள், சாய்ந்த கதிரோ இரண்டே நாளில் முளை கட்டிவிடும். வயல்காரப் பெரியவர் வரப்பில் நின்று மேகத்தைப் பார்க்கிறார், மெஷினைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பம்ப்செட் கொட்டகையில் கரண்ட் இருந்தது. ஆனால் மெஷின் நின்ற இடத்திலிருந்து அது வெகுதூரம், செட்டும் இல்லாமல் வெறும் கரண்டை வைத்து என்ன செய்வது? "லைன்ல கொக்கி போட்டுடலாமாண்ணே" என்று ஒருவர் கேட்டார். ஈர வயலில் நின்றுகொண்டு அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எத்தனை பேட்டரி, ஏன்

அங்கே நின்ற வண்டிகள் மூன்று: அறுவடை மெஷின், நெல் ஏற்ற வந்த டிராக்டர், ஒரு குட்டி யானை. மூன்றுமே 12 வோல்ட். மெஷின் பேட்டரி 100 ஆம்பியர் ஹவர், டிராக்டருடையது 88, குட்டி யானையுடையது 40க்குள்தான்.

பேட்டரியில் வெல்டிங் என்றால் ஏதோ குறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தத் தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1881இல் பிரான்சில் ஆகஸ்ட் தெ மெரிதான் என்பவர் கரி முனையில் ஆர்க் (முனைக்கும் இரும்புக்கும் நடுவே நின்று எரியும் மின்தீ) போட்டு ஒட்டியதே பேட்டரிக்குள் வைக்கும் ஈயத் தகடுகளைத்தான். அவரோடு இருந்த ரஷ்யாக்காரர் நிகோலாய் பெனார்டோஸ் அதையே முறையாக வளர்த்து, ஓல்ஷெவ்ஸ்கி என்பவரோடு சேர்ந்து 1885இல் பிரிட்டனிலும் 1887இல் அமெரிக்காவிலும் காப்புரிமை வாங்கினார். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைப் பகுதிகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் இரண்டு பேட்டரி, கொஞ்சம் ராடு, ஒரு கண்ணாடி என்று இதற்காகவே கொண்டுபோகிறார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 6013 என்கிற சாதா ரக ராடில் ஆர்க் நின்று எரிய ஏறத்தாழ 22 முதல் 25 வோல்ட் வேண்டும். இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டால் கிடைப்பதே 25தான். ராடைத் தகட்டோடு உரசியபடி இழுத்தால் எரியும், கை ஒரு மில்லி தூக்கினால் அணைந்துவிடும். மூன்று போட்டால் 37, 38 வோல்ட் வரும், ஆர்க் தாராளமாக நிற்கும். ஆனால் ஆர்க் எடுத்துக்கொண்டது போக மீதி 13 வோல்ட்டைத் தடுக்க நடுவில் ஒன்றுமே இல்லை. பட்டறை செட்டில் இந்த வேலையைக் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு பார்த்துக்கொள்ளும். பேட்டரிக்குத் திருகு கிடையாது. உள்மின்தடை மூன்றுக்கும் சேர்த்து 0.03 ஓம் என்று வையுங்கள், கேபிளுக்கு இன்னொரு 0.02. பதிமூன்றை 0.05ஆல் வகுத்தால் 260 ஆம்பியர்! பத்தாம் நம்பர் ராடு கேட்பது 90 முதல் 130 வரைக்கும்தான்.

கணக்கு தெரிந்தும் அவசரத்தில் அதைச் சரியாக மதிக்கவில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

தயார் செய்தது

மூன்று பேட்டரியையும் வண்டியிலிருந்து கழற்றிக் கீழே இறக்கினோம். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. வண்டியோடு இணைப்பில் இருக்கும்போது 36 வோல்ட் போட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு போகும், கம்ப்யூட்டர் பெட்டி உள்ள வண்டி என்றால் அதுவும் போகும். நாள் முழுக்க ஓடிச் சார்ஜ் ஏறின பேட்டரியின் தலைக்குள் ஹைட்ரஜன் நிற்கும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பொறி பட்டு வெடிக்கக்கூடிய வாயு அது. அதனால் இறக்கி வைத்து இருபது நிமிடம் அப்படியே விட்டோம். காற்று வரும் பக்கமாக, ஒட்டுகிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, வரப்பில் பலகை போட்டு வைத்து மேலே நனைத்த சாக்கைப் போர்த்தினோம். மூடிகளைத் திறக்கவே இல்லை. பேட்டரி முனையில் கிளிப்பைப் பிடுங்கினால் பொறி அங்கேயே பறக்கும், ஆகவே இணைப்பு கொடுப்பதும் எடுப்பதும் காது பக்கத்தில்தான். ஆசிட் தெறித்தால் கழுவ ஒரு குடம் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

மெஷின் பக்கமும் வேலை இருந்தது. ஹெட்டருக்குக் கீழே தென்னங்கட்டை கொடுத்து அண்டை வைத்து, லீவரை ஆட்டி ஹைட்ராலிக் பிரஷரை விட்டு, சிலிண்டர் தண்டில் ஈரச்சாக்கு சுற்றினோம். ஒரு பொட்டுப் பொறி அந்தத் தண்டில் ஒட்டினாலும் சீல் கிழிந்துவிடும். எர்த்தை, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கேபிளை, காதுக்கு ஒரு சாண் தள்ளி ஹெட்டர் சட்டத்திலேயே பிடித்தேன், தூரத்தில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைத் தின்னும். சுற்றிலும் வைக்கோல் தூசு, டீசல் நாற்றம். மருந்தடிக்கிற கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு ஒருவர் வேலை முடியும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மிக முக்கியமான ஆள் அவர்தான்.

கிரைண்டர் இல்லாததால் உடைந்த விளிம்பை உளியாலும் அரத்தாலும் இரண்டு பக்கமும் வி மாதிரி சரித்தோம், முக்கால் மணி நேரம் பிடித்தது. ராடு பாக்கெட் பிரிந்து நமத்திருந்தது. இஞ்சின் சூடாக இருக்கும்போதே சைலன்சர் மேல் அடுக்கி வைத்திருந்தேன். ஹோல்டருக்குக் கிரிப் பிளையர், பிடியில் டியூப் ரப்பர் சுற்றியது. பேட்டரி மூன்றும் கீழே இருப்பதால் எந்த வண்டி விளக்கும் எரியாது. இருட்டிவிட்டது. இரண்டு பைக்கின் ஹெட்லைட் வெளிச்சம்தான்.

இரண்டில் ஒட்டவில்லை, மூன்றில் பொத்துக்கொண்டது

முதலில் பெரிய பேட்டரி இரண்டை மட்டும் இணைத்து, குட்டி யானையில் இருந்த ஜம்பர் கேபிளைக் கொடுத்துப் பார்த்தேன். பார்க்கத்தான் தடி கேபிள், உள்ளே கம்பி மெலிசு. ராடு உரசினால் பொறி வரும், ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அணையும். மூன்றாவது தடவை ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. பேட்டரியில் இதுதான் பயம். செட்டாக இருந்தால் உறுமும், அணைத்துவிடலாம். இங்கே அணைக்க ஒன்றும் இல்லை, இரண்டு மூச்சுக்குள் ராடு நுனியிலிருந்து பிடிவரை சிவந்து மேல்பூச்சு உதிர ஆரம்பித்தது. பிளையரைத் திறந்து ராடை விட்டுவிட்டேன்.

சரி என்று மூன்றாவதையும் சேர்த்தேன். ஜம்பர் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டிகளில் இருந்தே கழற்றின தடிச் செம்புக் கேபிள்களைப் போல்ட் போட்டு இணைத்தேன். அங்கேதான் கணக்கு வந்து நின்றது. ராடு தொட்டதும் சீறிக்கொண்டு எரிந்தது, பொறி ஒரு ஆள் உயரத்துக்குத் தெறித்தது, ராடு பாதியிலேயே சிவந்துவிட்டது. 12 மில்லித் தகட்டின் ஓரத்தில் விரல் நுனி போகிற அளவு பொத்தல்.

அந்த 13 வோல்ட் எங்கேயாவது தீர்ந்தாக வேண்டும். தகட்டில் தீரக் கூடாது, கேபிள் ரப்பரில் தீரக் கூடாது. வேலிக்கம்பியில் தீரட்டும் என்று தோன்றியது. பம்ப்செட் கொட்டகையில் 8ஆம் நம்பர் ஜிஐ கம்பி ஒரு சுருள் கிடந்தது, 4 மில்லி கனம். அதில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். ஆறு மீட்டர் வெட்டினால் 0.07. எல்லாம் சேர்த்து 0.12, பதிமூன்றரையை அதால் வகுத்தால் 110 ஆம்பியர் பக்கம். கம்பியைச் சுருட்டாமல் நீட்டி, சேறு நிற்கிற வாய்க்கால் ஓரமாகப் போட்டு இணைத்தோம். அடுத்த ராடு வைத்தபோது எனக்குத் தெரிந்த சத்தம் வந்தது, எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம். வாய்க்காலில் இருந்து ஆவி கிளம்பியது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். கம்பியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் அதுவே ஆம்பியர் காட்டுகிற கருவி. 7 வோல்ட் காட்டினால் 100 ஆம்பியர். டிராக்டர் டிரைவரை மீட்டர் பக்கம் உட்கார வைத்து, நான் ஒட்டும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். "ஏழு... ஏழு... ஏழேகால்..." ஒட்டுகிற கைக்கு அது நல்ல துணை.

ஒட்டினது

ராடை பாசிட்டிவ் பக்கம் வைத்தேன், கனத் தகட்டில் அடிவரை இறங்க வேண்டும் என்பதற்காக. மெல்லிய தகடு என்றால் மாற்றி வைப்பேன். டிசி என்பதால் மூலையில் ஆர்க் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது, எர்த்தை இடம் மாற்றிப் பிடித்ததும் சரியானது.

காதுக்குப் பக்கவாட்டில் இரண்டு தாங்கு பட்டை வைக்க நினைத்தேன். உடைந்த லாரிப் பட்டைத் துண்டு ஒன்றை ஒருவர் கொண்டுவந்து, "இத வைங்கண்ணே, ஜென்மத்துக்கும் உடையாது" என்றார். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அதிகம், சூடு பண்ணாமல் ஒட்டினால் ஆறும்போது பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி கெட்டித்து விரிசல் விடும். அது வேண்டாம் என்று டிராக்டருடைய பழைய கேஜ் வீலில் இருந்து இரண்டு துண்டு அறுத்து எடுத்தேன், சாதா இரும்பு, நன்றாக ஒட்டும்.

ஒரு ராடு தீர ஒரு நிமிடத்துக்கு மேல். 100 ஆம்பியரில் கணக்குப் போட்டால் ராடுக்கு 1.8 ஆம்பியர் ஹவர். பெரிய பேட்டரிக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் தொடரில் மூன்றுக்கும் ஒரே கரண்ட்தான் ஓடும், சின்னது என்று அதற்குத் தள்ளுபடி கிடையாது. 40 ஆம்பியர் ஹவர் பேட்டரி 100 ஆம்பியரில் அந்த 40ஐத் தராது, அதில் பாதி வந்தாலே அதிகம். சோதனையில் வீணாக்கினதையும் சேர்த்தால் ஏழெட்டு ராடில் அது தீர்ந்துவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது ராடில் மீட்டர் பார்த்தவர் "ஆறரை" என்றார். ஏழாவதில் "ஆறு", அப்புறம் "அஞ்சரை". எட்டாவதில் "அஞ்சுண்ணே". அப்போது முதுகில் தூறல் விழுந்தது. நான் நிறுத்தவில்லை, அந்த எட்டாவது ராடைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஐந்து வோல்ட் என்றால் கணக்குப்படி 70 ஆம்பியர், கம்பி சூடேறி மின்தடை கூடியிருக்கும் என்பதால் உண்மையில் அதற்கும் கீழே. கண்ணாடி வழியே பார்க்கும்போது உருகின இரும்பு பரவாமல் மேலேயே உருண்டு உட்கார்ந்தது. அதைப் பார்த்தும் நிறுத்தாததுதான் அன்றைக்கு நான் செய்த தவறு.

சாக்கைத் தூக்கிப் பார்த்தால் குட்டி யானை பேட்டரியின் பக்கம் கை வைக்க முடியாத சூடு. ஆற விட்டுக் கழற்றினோம். தீர்ந்த பேட்டரியைத் தொடரில் விட்டு இன்னும் இழுத்தால் அது தலைகீழாகச் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், அதற்கப்புறம் அந்தப் பேட்டரி அவ்வளவுதான். பெரியவர் பேரன் பக்கத்து வயல் டிராக்டர் பேட்டரியைப் பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மறுபடி ஏழு. மீதி மூன்று ராடையும் மேல் அடுக்குக்கும் தாங்கு பட்டைக்கும் போட்டு, தார்ப்பாயை மேலே பிடித்துக்கொண்டு தானாக ஆற விட்டோம். தண்ணீர் ஊற்றி ஆற்றவில்லை.

மணி ஒன்பதரை. பெரிய பேட்டரிகளை வண்டியில் மாட்டினதும் மெஷினும் டிராக்டரும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆயின. குட்டி யானையை டிராக்டரிலிருந்து ஜம்பர் கொடுத்துத்தான் கிளப்ப வேண்டியிருந்தது. ஹெட்டரை மெதுவாக ஒரு சாண், இரண்டு சாண் என்று தூக்கி நிறுத்திக் காதைப் பார்த்தேன். அசைவு இல்லை. "தம்பி, இது வயலை முடிக்கத்தான். வரப்புல ஏத்தி இறக்காத, டிரைலர்ல ஏத்தும்போது தலைய கட்டையில உட்கார வச்சிடு" என்று சொன்னேன். தூறல் அதோடு நின்றது. இரவு ஒன்றரை மணிக்கு இரண்டு ஏக்கரும் அறுத்து முடிந்தது, மழை மறுநாள் மதியம் பிடித்தது.

அன்று இரவு கண்

வேடிக்கை பார்க்காதீர்கள் என்று நாலு தடவை சொல்லியிருந்தேன். இரண்டு பேர் கேட்கவில்லை. ஆர்க் வெளிச்சத்தில் இருக்கும் புறஊதாக் கதிர் கண் மேல்தோலைச் சுட்டுவிடும், அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துக் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். விடிகாலை மூன்று மணிக்கு ஒருவர் போன். தாய்ப்பால் விடலாமா, உருளைக்கிழங்கு வைக்கலாமா என்று கேட்டார். எதையும் விட வேண்டாம், கசக்கவும் வேண்டாம், சுத்தமான ஈரத்துணியை மூடின கண் மேல் போட்டுக்கொண்டு காலையில் கண் டாக்டரைப் பாருங்கள் என்றேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எதுவும் இதற்கு ஆகாது, வெல்டிங்குக்கான 10 அல்லது 11ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி இல்லையென்றால் பேட்டரி எத்தனை இருந்தாலும் நான் ராடைத் தொட மாட்டேன்.

ஆறு நாள் கழித்து

மெஷின் டிரைலரில் பட்டறைக்கு வந்தது. காது நின்றிருந்தது, மேலே ஒரு விரிசல் இல்லை. டிரைவர் தம்பிக்கு அதை வெட்ட மனமில்லை, "நல்லாத்தானே இருக்குண்ணா, அப்படியே வுட்டுடலாமே" என்றார். கிரைண்டரில் குறுக்கே வெட்டி இரண்டு முகத்தையும் தேய்த்து அவர் கையில் கொடுத்தேன். முதல் ஐந்து ராடு போட்ட அடிப்பக்கம் தகட்டோடு ஒன்றாகக் கலந்திருந்தது, எது தகடு எது ஒட்டு என்று தெரியவில்லை. கடைசி மூன்று ராடின் மேல் அடுக்கும் சுத்தம். நடுவில், ஏழாவது எட்டாவது ராடு போன உயரத்தில், மை கோடு போட்ட மாதிரி கறுப்பாகக் கசடு ஓடியது, 30 மில்லி நீளத்துக்கு. அந்த இடத்தில் இரும்பு இரும்போடு சேரவே இல்லை. மேல் அடுக்கு நன்றாக வந்ததால் அதை மூடி மறைத்துவிட்டது.

இதனால்தான் பேட்டரியில் ஸ்டியரிங், பிரேக், டிரைலர் கொக்கி, ஆள் உட்காருகிற எதையும் ஒட்ட ஒப்புக்கொள்வதில்லை. டீசல் டேங்க் பக்கமே போவதில்லை. கனத்தையும் கரண்டையும் கணக்குப் போட்டு வைத்தாலும், எந்த ராடில் பேட்டரி தளர்ந்தது என்பதை ஒட்டின பிறகு வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மீட்டரில் ஆறுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவது என்று இப்போது வைத்திருக்கிறேன், மழை வந்தாலும் சரி. சின்ன பேட்டரியைத் தொடரில் சேர்ப்பதும் இல்லை.

பழைய ஒட்டு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு போட்டு, சூடாக்கி வைத்திருந்த 7018 என்கிற கன வேலை ராடில் ஒட்டிக் கொடுத்தேன். குட்டி யானை பேட்டரி சார்ஜ் போட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. புதுசு வாங்கப் பாதிப் பணம் நான் கொடுத்தேன், பாதி பெரியவர் கொடுத்தார்.

வெட்டின காதுத் துண்டை டிரைவர் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அவர் டூல் பாக்ஸைப் பார்த்தேன். ஒரு பாலித்தீன் உறையில் ராடு, ஒரு கறுப்புக் கண்ணாடி, ஆறு மீட்டர் ஜிஐ கம்பிச் சுருள், அதன் மேல் அந்தத் துண்டு, கறுப்புக் கோடு மேலே தெரிகிற மாதிரி.